பேக்டெஸ்டிங் நிரலை வேறு மொழிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வர்த்தக உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பதுதான் பேக்டெஸ்டிங். ஆர் என்ற நிரல்மொழியில் அப்படி எழுதியிருந்த ஓர் உத்தியைப் பைத்தானுக்கு மாற்றினேன். விலை இறங்கினால் வாங்க வேண்டும் என்பது விதி. விதியும் மாறவில்லை, விலைக் கோப்பும் மாறவில்லை. ஆனால் லாபம் கூடியிருந்தது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் காரணம் அகப்பட்டது. ஆர் நிரலில், ஒவ்வொரு நாளாக எடுத்துக் கணக்கிடும் லூப் இரண்டாம் நாளிலிருந்து தொடங்கியது. பைத்தானில் நான் அதை 0-விலிருந்து, அதாவது முதல் நாளிலிருந்து, தொடங்கிவிட்டேன். முதல் நாளுக்கு ஏது நேற்று? நிரல் -1 ஆவது இடத்தைக் கேட்டது. பைத்தானில் -1 என்றால் பட்டியலின் கடைசி உறுப்பு. பல மடங்கு உயர்ந்திருந்த கடைசி நாள் விலையை 'நேற்றைய விலை' என்று எடுத்துக்கொண்டு, பெரிய சரிவு வந்துவிட்டதாக நினைத்து முதல் நாளே வாங்கியிருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

மொழி மாற்றத்தில் நான் அஞ்சுவது இத்தகைய பிழைகளைத்தான். நிரல் பாதியில் நின்றுபோனால் திருத்திவிடலாம். சத்தமில்லாமல் எண்ணை மாற்றும் பிழை அப்படியே தங்கிவிடும். அதுவும் லாபத்தைக் கூட்டினால் யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

முதலில், மாற்றம் தேவைதானா என்று பாருங்கள். வேகத்துக்காகவே பெரும்பாலோர் சி பிளஸ் பிளஸ், ரஸ்ட், ஜூலியா என்று நகர்கிறார்கள். நேரம் எங்கே போகிறது என்று அளக்காமல் நகர்வது வீண் உழைப்பு. 100 விநாடி ஓடும் நிரலில் 80 விநாடி கோப்பைப் படிப்பதில் கழிகிறது என்றால், கணக்கீட்டைப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் மிச்சமாவது 18 விநாடிதான். பைத்தானில் வரிவரியாக ஓடும் லூப்பை மட்டும் நம்பா போன்ற கருவியால் வேகப்படுத்தினாலே பல நேரம் போதும்.

அடுத்தது, ஒரே பெயர் இருப்பதால் ஒரே கணக்கு என்று நம்புவது. விலைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானின் நம்பை நூலகம் இயல்பாக n-ஆல் (மதிப்புகளின் எண்ணிக்கையால்) வகுக்கும். பாண்டாஸ் (இதுவும் பைத்தான் நூலகம்), ஆர், மேட்லேப் ஆகியவை n-1-ஆல் வகுக்கும். 20 நாள் விலைகளை ஒருசேர எடுக்கும் சாளரத்தில் இது சுமார் 2.6 சதவீத வித்தியாசம். சராசரிக்கு மேலும் கீழும் திட்டவிலக்கத்தை வைத்து வரையும் பாலிஞ்சர் பட்டையை விலை தொட்டதா இல்லையா என்பதை மாற்ற அது தாராளமாகப் போதும். விடுபட்ட மதிப்புகளும் இப்படித்தான்: பாண்டாஸ் அவற்றைத் தாண்டிச் சென்று சராசரி எடுக்கும், ஆர், நீங்கள் சொல்லாதவரை, விடையையே விடுபட்டதாகத் தரும். எனக்கு ஆர் செய்வதுதான் பிடித்திருக்கிறது, தரவில் ஓட்டை இருப்பதை அது மறைப்பதில்லை.

பைத்தானிலிருந்து ஆர் பக்கம் போகிறவர்கள் மதிப்புகளை நாள் கணக்கில் நகர்த்தும் 'லேக்' என்ற செயற்கூற்றில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். ஆர் மொழியுடன் வரும் லேக்கிடம் 1 என்று கொடுத்தால், காலத்தொடரில் நாளைய மதிப்பு இன்றைய தேதிக்கு வந்துவிடும். அதே பெயரில் ஆருக்கான டீபிளையர் தொகுப்பில் இருப்பது நேற்றைய மதிப்பைத் தரும். பாண்டாஸின் ஷிஃப்டும் அப்படியே. எந்தத் தொகுப்பு ஏற்றப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, உங்கள் உத்தி எதிர்காலத்தைப் பார்த்து வர்த்தகம் செய்யத் தொடங்கிவிடும்.

சின்னச் சின்ன வேறுபாடுகளும் உண்டு. சி பிளஸ் பிளஸில் முழு எண்ணாக 1-ஐ 2-ஆல் வகுத்தால் 0. பைத்தான் 3-இல் 0.5. பங்குகளின் எண்ணிக்கையை முழுமையாக்கும்போது 2.5 என்பது பைத்தானில் 2 ஆகும், மேட்லேப்பில் 3 ஆகும். ரேண்டம் எண்களுக்கு இரு மொழிகளிலும் ஒரே விதை எண்ணை (தொடக்க எண்ணை) கொடுத்தாலும் ஒரே வரிசை வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மாதிரிகளைக் கோப்பில் சேமித்து, இரண்டு நிரல்களும் அதையே படிக்கும்படி செய்யுங்கள்.

மாற்றி எழுதும்போதே உத்தியையும் மேம்படுத்த முயல்வது இன்னொரு தவறு. கமிஷன் கணக்கைத் திருத்துவது, நிறுத்த விலையை (நஷ்டம் பெருகாமல் விற்றுவிடும் விலையை) சேர்ப்பது எல்லாம் பிறகு. முதலில் பழைய நிரலின் குறைகளும் அப்படியே புதியதில் வர வேண்டும். அப்போதுதான் முரண்பாடு தென்பட்டால் அது மொழியால் வந்தது என்று சொல்ல முடியும்.

இறுதி லாபத்தை மட்டும் ஒப்பிட்டு நிறைவு கொள்ளாதீர்கள். எதிரெதிரான இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, ஏறக்குறைய அதே தொகையைக் காட்டிவிடலாம். பாலிஞ்சர் பட்டை போன்ற குறியீடுகளின் மதிப்பு, வாங்கு அல்லது விற்பு என்ற சமிக்ஞை, வாங்கிய விலை, கையிருப்பு ஆகியவற்றை இரு நிரல்களும் நாள்வாரியாகக் கோப்பில் எழுதட்டும். தசமத்தின் ஒன்பதாம் பத்தாம் இடங்களில் வேறுபாடு இருந்தால் பரவாயில்லை, கூட்டும் வரிசை மாறினாலே அது வரும். ஆனால் விலை எல்லைக் கோட்டை ஒட்டி நிற்கும் நாளில் அந்த நுண்ணிய வேறுபாடே ஒரு வர்த்தகத்தைப் புரட்டிவிடும். அத்தகைய நாள்களைத் தனியாகப் பாருங்கள்.

இன்னொரு சோதனையை நான் விடுவதே இல்லை. தரவின் கடைசி ஓராண்டை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டுவேன். வெட்டிய தேதிக்கு முந்தைய எந்த மதிப்பும் மாறக் கூடாது. மாறினால் நிரல் எங்கோ எதிர்காலத்தைத் தொடுகிறது. அன்றைக்கு இதைச் செய்திருந்தால் 'நேற்றைய விலை' நெடுவரிசையின் முதல் வரியே மாறிக் காட்டியிருக்கும். இரண்டு நாள் தேடியிருக்க வேண்டாம்.