பழைய நெஸ்லே டப்பாவின் வயதைக் கணிப்பது எப்படி?

பாட்டி பொத்தான்கள் போட்டு வைத்திருந்த பால்மாவு டப்பா என் கைக்கு வந்ததும், ஆர்வக்கோளாறில் புளி போட்டுத் தேய்த்தேன். துருவோடு, அதில் அச்சிட்டிருந்த நெஸ்லே சின்னமான பறவைக்கூட்டின் குஞ்சுகளும் போய்விட்டன. எனவே முதலில், டப்பாவைக் கழுவாதீர்கள். காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றித் துடைத்தால் போதும்.

அடுத்து, பறவைக்கூட்டைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் குழந்தை உணவு தயாரித்த ஹென்றி நெஸ்லே, 1868-இல் தன் குடும்பச் சின்னத்தையே வணிகச் சின்னமாக்கினார். ஜெர்மன் வட்டார வழக்கு ஒன்றில் அவர் பெயருக்கே ‘சின்னக் கூடு’ என்றுதான் பொருள். தாயின் அலகில் புழுவும் கூட்டில் மூன்று குஞ்சுகளும் இருந்தால், அது 1988-க்கு முந்தைய படம். அந்த ஆண்டு புழுவை நீக்கி, குஞ்சுகளை இரண்டாக்கினார்கள். ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது போலும்!

படத்தை விட நம்பகமானது கம்பெனியின் பெயர். வெளிநாட்டு டப்பாவில் ‘ஆங்கிலோ-சுவிஸ்’ என்பது நெஸ்லேயோடு ஒட்டி வந்தால், அது 1905-க்குப் பிந்தையது. சாம் என்ற ஊரில் 1866-இல் கெட்டிப்பால் தொழில் தொடங்கிய அமெரிக்கர்களான பேஜ் சகோதரர்களின் கம்பெனிதான் ஆங்கிலோ-சுவிஸ். அவர்கள் குழந்தை உணவில் இறங்க, நெஸ்லே கம்பெனி பதிலுக்குக் கெட்டிப்பாலில் இறங்கியது. கால் நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்டிவிட்டுத்தான் இரண்டும் ஒன்றாயின. 1947-இல் மேகியும் சேர்ந்தபோது தாய்க் கம்பெனி ‘நெஸ்லே அலிமென்டானா’ ஆனது.

நம் ஊர் டப்பாவில் தயாரிப்பாளர் பெயராக நெஸ்லேயைத் தேடி ஏமாற வேண்டாம். இங்கே அது 1959-இல் ‘ஃபுட் ஸ்பெஷாலிட்டீஸ் லிமிடெட்’ என்று பதிவானது. முதல் ஆலை 1961-இல் பஞ்சாபின் மோகாவில். ‘நெஸ்லே இந்தியா’ என்ற பெயர் 1990-இல்தான் வந்தது. பழைய லேபிள் தீரும்வரை ஓட்டியிருப்பார்கள்; ஓரிரு ஆண்டு கூடக்குறைய வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் கடைக்காரர் ‘வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு’ என்று விலையை ஏற்றினால், முகவரியின் கடைசியில் உள்ள ஆறு இலக்கங்களைக் காட்டுங்கள். பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல்.

பாட்டியின் டப்பாவில் குஞ்சுகள் இல்லாவிட்டாலும், அடியில் ஃபுட் ஸ்பெஷாலிட்டீஸும் பின்கோடும் தப்பியிருந்தன. 1976-இல் பிறந்த என் தங்கைக்கு வாங்கியது என்று பாட்டி சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும்.