காளைச் சந்தை முதிர்ந்துவிட்டதா? வாரம் ஒரு மணி நேரத்தில் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கும் முறை

2018 ஆகஸ்ட் 28 அன்று, 50 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையை அளக்கும் நிஃப்டி குறியீடு 11,760 என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. செய்திகளில் கொண்டாட்டம். ஆனால் ஸ்மால்கேப் (சிறு நிறுவன) பங்குகள் வைத்திருந்தவர்களின் கணக்கு ஏற்கெனவே சிவந்துபோயிருந்தது. ஸ்மால்கேப் குறியீடு அந்த ஜனவரியிலேயே உச்சம் கண்டு இறங்கத் தொடங்கியிருந்தது. 2019 ஆகஸ்ட் வரை தொடர்ந்த அந்தச் சரிவில் சுமார் 40 சதவீதம் போனது. இடையில் நிஃப்டி மட்டும் பல புதிய உச்சங்களைக் கண்டது.

காளைச் சந்தை, அதாவது தொடர் ஏற்றம், முதிரும்போது நிஃப்டி கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும். அதற்கு முன்பே பணம் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நகரும், ஏறும் பங்குகளின் எண்ணிக்கை குறையும். இரண்டையும் ஒரு சாதாரண ஷீட்டில் அளந்துவிடலாம். கட்டணச் சேவை எதுவும் தேவையில்லை.

படி 1: தாளைத் தயார் செய்யுங்கள்

கூகுள் ஷீட்ஸில் முதல் நெடுவரிசையில் தேதி, இரண்டாவதில் நிஃப்டி 50. அதன்பின் நிஃப்டி ஸ்மால்கேப் 250, பிறகு துறைக் குறியீடுகள்: பேங்க், பி.எஸ்.யு. பேங்க் (பொதுத்துறை வங்கிகள்), ஐ.டி., ஆட்டோ, எஃப்.எம்.சி.ஜி. (சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாட நுகர்பொருள்கள்), பார்மா (மருந்து), மெட்டல், ரியல்ட்டி, எனர்ஜி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையின் முடிவு விலையை மட்டும் எடுங்கள். வெள்ளி விடுமுறையென்றால் அந்த வாரத்தின் கடைசி வர்த்தக நாள். இரண்டு ஆண்டுகளுக்கு 104 வரிசைகள் வரும். பழைய விலைகளை என்.எஸ்.இ. இண்டிசஸ் இணையதளத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம்.

தினசரி விலை வேண்டாம். நாள்தோறும் பார்த்தால் சத்தம்தான் கேட்கும், பதற்றத்தில் தவறான முடிவு எடுப்பீர்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, டிவிடெண்ட் சேர்த்த மொத்த வருவாய்க் குறியீட்டையும் (டி.ஆர்.ஐ.) விலைக் குறியீட்டையும் கலந்துவிடுவது. ஒரு துறைக்கு டி.ஆர்.ஐ., இன்னொன்றுக்குச் சாதாரண விலை என்று எடுத்தால் கணக்கு முழுவதும் பொய்யாகும். எல்லாமே விலைக் குறியீடாக இருக்கட்டும்.

படி 2: ஒப்பீட்டு வலிமை

துறைக் குறியீட்டை நிஃப்டியால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். பிறகு இந்த வார விகிதத்தை 13 வாரங்களுக்கு முந்தைய விகிதத்தோடு ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் மாறியது என்று பாருங்கள். இந்த மாற்றம்தான் அந்தத் துறையின் 13 வார வலிமை.

ஒரு கற்பனைக் கணக்கு: நிஃப்டி 24,000, எஃப்.எம்.சி.ஜி. 54,000 என்றால் விகிதம் 225. பதின்மூன்று வாரம் கழித்து நிஃப்டி 25,000, எஃப்.எம்.சி.ஜி. 57,375. இப்போது விகிதம் 229.5. அதாவது அந்தத் துறை நிஃப்டியை 2 சதவீதம் முந்தியிருக்கிறது.

விகிதம் ஏறினால் லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். நிஃப்டி 10 சதவீதமும் எஃப்.எம்.சி.ஜி. 6 சதவீதமும் விழுந்தால் விகிதம் 4.4 சதவீதம் ஏறியதாகக் காட்டும். உங்கள் பணமோ 6 சதவீதம் குறைந்திருக்கும். இது பணம் எங்கே நகர்கிறது என்பதற்கான அளவுகோல் மட்டுமே.

படி 3: யார் முன்னால் ஓடுகிறார்கள்?

பாடப்புத்தக வரிசை இது: ஏற்றத்தின் தொடக்கத்தில் வங்கியும் ஆட்டோவும், நடுவில் ஐ.டி.யும் கேபிடல் கூட்ஸும் (இயந்திரங்கள், ஆலைக் கருவிகள்), முடிவுக்கு அருகில் மெட்டலும் எனர்ஜியும், இறக்கம் நெருங்கும்போது எஃப்.எம்.சி.ஜி.யும் பார்மாவும். எனர்ஜி கடைசியில் ஓடும் என்பதற்கு ஓர் உதாரணம்: கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது 2008 ஜூலையில். நம் சந்தை அதற்கு ஆறு மாதம் முன்பே, ஜனவரியில் உச்சம் கண்டுவிட்டது.

ஆனால் இந்த வரிசையை அப்படியே நம்பி இந்தியச் சந்தையில் இறங்கக்கூடாது. நம் ஐ.டி. நிறுவனங்களின் வருமானம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. 2022-ல் நிஃப்டி சிறு லாபத்தோடு ஆண்டை முடித்தபோது ஐ.டி. குறியீடு கால் பங்குக்கு மேல் இழந்தது. பார்மாவுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வுகள் தனிக்கதை. துறையின் சொந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் ‘தற்காப்புத் துறை’ (இறக்கத்திலும் அதிகம் விழாதது) என்று முத்திரை குத்தாதீர்கள்.

வரிசையைவிட நம்பகமானது வேறொரு அறிகுறி: முந்தைய ஓராண்டில் அதிகம் ஏறிய துறை, நிஃப்டியோடு சேர்ந்து புதிய உச்சம் போடாமல் நிற்பது. 2024-ல் இது தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் எல்லோரும் துரத்திய பி.எஸ்.யு. பேங்க் குறியீடு, தேர்தல் முடிவுக்கு முந்தைய நாளான ஜூன் 3 அன்று 8,053 வரை போனது. நிஃப்டி செப்டம்பர் 27 அன்று 26,277-ஐத் தொட்டபோது, அது தன் உச்சத்திலிருந்து 10 சதவீதத்துக்கும் அதிகமாகக் கீழே இருந்தது. தலைவன் களைத்துவிட்டான், படை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆறு மாதத்தில் நிஃப்டி 22,000-க்குக் கீழே வந்தது.

எட்டு வாரம் வரை பொறுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் ஓய்வெடுப்பது எந்தத் துறைக்கும் இயல்பு.

படி 4: எத்தனை பங்குகள் கூடவே ஏறுகின்றன?

நிஃப்டி சந்தை மதிப்பால் எடையிடப்பட்ட குறியீடு. ஹெச்.டி.எஃப்.சி. பேங்க், ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க், ரிலையன்ஸ் மூன்றும் ஏறினால் மற்ற 47-ல் பாதி இறங்கினாலும் குறியீடு பச்சையாகத் தெரியும். அதனால் இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்.

முதலாவது, நிஃப்டி 500 பங்குகளில் எத்தனை சதவீதம் தங்கள் 200 நாள் சராசரி விலைக்கு மேல் உள்ளன என்பது. பங்குகளை வடிகட்டித் தரும் இலவசத் தளங்களில் ஒரே வடிகட்டியில் கிடைக்கும். 60-க்கு மேல் இருந்தால் ஏற்றம் பரவலானது. நிஃப்டி 52 வார உச்சத்தில் இருக்கும்போது இது 50-க்குக் கீழே போனால், ஏற்றத்தைச் சில பெரிய பங்குகள் மட்டுமே தாங்கிப் பிடிக்கின்றன.

இரண்டாவது, ஸ்மால்கேப் 250-க்கும் நிஃப்டிக்குமான விகிதத்தின் 26 வார மாற்றம். 2018-ல் அலறியது இதுதான்.

நீங்களே சராசரி கணக்கிட்டால் போனஸைக் கவனியுங்கள். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் 1:1 போனஸ் (ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசம்) கொடுத்தது. பழைய விலைகளைச் சரிசெய்யாத தரவில் பங்கு ஒரே நாளில் பாதியாகிவிட்டதுபோல் தெரியும், 200 நாள் சராசரியும் பல மாதங்களுக்குத் தவறாகவே வரும்.

படி 5: புதிய பங்குகள் எவ்வளவு கொட்டப்படுகின்றன?

2008 ஜனவரி நடுவில் ரிலையன்ஸ் பவர் ஐபிஓ (முதல் பொதுப் பங்கு வெளியீடு) வந்தது. விலை 450 ரூபாய், 70 மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள். பட்டியலான பிப்ரவரி 11 அன்று 372 ரூபாயில் முடிந்தது. 2024 ஆகஸ்டில், இரண்டே ஷோரூம் வைத்திருந்த டெல்லி பைக் டீலர் ஒருவர் 12 கோடி ரூபாய் கேட்டு வந்தார். சுமார் 4,800 கோடிக்கு விண்ணப்பம் குவிந்தது. அந்த அக்டோபரில் வந்த ஹூண்டாய் மோட்டார் இந்தியாவின் ஐபிஓ 27,870 கோடி. முழுவதும் ஆஃபர் ஃபார் சேல், அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர் விற்றது; ஒரு ரூபாய்கூட நிறுவனத்துக்குள் போகவில்லை.

நிறுவனத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் விற்க விரும்பும் விலையில் நாம் வாங்குகிறோம் என்பதை இது காட்டுகிறது. ஆனாலும் தனியாக இதை நம்ப முடியாது. எல்.ஐ.சி. ஐபிஓ அதுவரை வந்ததிலேயே மிகப் பெரியது. அது வந்த 2022 மே மாதத்துக்கு அடுத்த மாதமே சந்தை அடிமட்டத்தைத் தொட்டு ஏறத் தொடங்கியது.

பங்கு விலையை லாபத்தோடு ஒப்பிடும் பி.இ. விகிதத்தை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. 2021 மார்ச் இறுதியில் என்.எஸ்.இ. தனிநிறுவன லாபத்திலிருந்து, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த லாபத்துக்கு மாறியபோது, நிஃப்டியின் பி.இ. ஒரே நாளில் 40-க்கு மேலிருந்து 33 அளவுக்கு இறங்கியது. அந்த நாளைத் தாண்டி பழைய பி.இ.யோடு ஒப்பிடும் வரைபடங்களை நம்ப வேண்டாம்.

படி 6: மதிப்பெண் போடுங்கள்

கீழே உள்ளவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மூன்று வாரம் தொடர்ந்து இருந்தால் மட்டுமே எண்ணுங்கள்.

- தலைமைத் துறை (முந்தைய ஓராண்டில் அதிகம் ஏறியது) எட்டு வாரமாகப் புதிய உச்சம் போடவில்லை, நிஃப்டி போடுகிறது
- நிஃப்டி உச்சத்திலிருந்து 3 சதவீதத்துக்குள் இருக்கும்போதே எஃப்.எம்.சி.ஜி., பார்மா இரண்டின் 13 வார வலிமையும் கூடுகிறது
- 200 நாள் சராசரிக்கு மேலுள்ள பங்குகள் 50 சதவீதத்துக்குக் கீழே
- ஸ்மால்கேப் விகிதம் 26 வாரத்தில் சரிவு
- ஐபிஓக்களில் ஆஃபர் ஃபார் சேல் பங்கு பெரிதாக இருந்தும் பல மடங்கு விண்ணப்பம்

0 அல்லது 1 என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். 2 அல்லது 3 என்றால், ஏறிய துறையில் புதிதாகப் பணம் போடுவதை நிறுத்துங்கள், எஸ்.ஐ.பி.யை (மாதாந்திரத் தவணை முதலீடு) தொடருங்கள். 4 அல்லது 5 வந்தால் குறைக்கத் தொடங்குங்கள்.

கடன் சந்தையில் நெருக்கடி வந்தால் மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கக்கூடாது. 2018 செப்டம்பரில் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியதும், அதே மாதம் 21-ஆம் தேதி வீட்டுக் கடன் நிறுவனமான டி.ஹெச்.எஃப்.எல். பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கடன் வாங்கி ஓடும் நிறுவனங்களில் வெளியேற அவகாசமே கிடைக்காது.

படி 7: குறைப்பது எப்படி?

பத்து லட்ச ரூபாய் முதலீட்டில் மெட்டலும் ரியல்ட்டியும் சேர்ந்து 3.5 லட்சமாக வளர்ந்துவிட்டன, உங்கள் இலக்கு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 1.5 லட்சத்தை ஒரே நாளில் விற்காதீர்கள். இரண்டு வார இடைவெளியில் ஐம்பதாயிரம் வீதம் மூன்று முறை விற்கலாம். அறிகுறிகள் மாதக்கணக்கில் முன்னதாக வரக்கூடியவை, சில நேரம் பொய்த்தும் போகும்.

வரியையும் பாருங்கள். 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20 சதவீதம். அதற்கு மேல் வைத்திருந்தால், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம். மார்ச்சில் குறைக்க நேர்ந்தால் ஒரு பகுதியை ஏப்ரலுக்குத் தள்ளினால் இரண்டு ஆண்டுகளின் விலக்கும் கிடைக்கும்.

விற்ற பணம் முழுவதையும் எஃப்.எம்.சி.ஜி.யில் போடுவது பலர் செய்யும் தவறு. 2008-ல் சென்செக்ஸ் 52 சதவீதம் இழந்த ஆண்டில் எஃப்.எம்.சி.ஜி. அதில் பாதிகூட விழவில்லை என்பது உண்மை. ஆனால் 2024 செப்டம்பருக்குப் பின் அதே துறை நிஃப்டியைவிட அதிகமாக விழுந்தது. நகர்ப்புற விற்பனை மந்தமானபோது விலை ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது. பாதியையாவது லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் முதலிடும் ஃபண்ட்) வையுங்கள்.

திரும்ப நுழைய, மதிப்பெண் 1-க்கு இறங்கி, 200 நாள் சராசரிக்கு மேலுள்ள பங்குகள் 60 சதவீதத்தைத் தாண்டும்வரை காத்திருங்கள். அதன்பின் அதே மூன்று தவணையில் வாங்கலாம். எந்தத் துறை என்பதைப் புதிய 13 வாரப் பட்டியலிலிருந்து எடுங்கள், பழைய தலைமைத் துறை மலிவாகிவிட்டது என்பதற்காக வாங்காதீர்கள். நிஃப்டி ரியல்ட்டி 2008 ஜனவரி உச்சத்திலிருந்து சுமார் 90 சதவீதம் விழுந்தது. நிஃப்டி 26,000-ஐத் தாண்டிய 2024-லும் அது அந்தப் பழைய உச்சத்தை எட்டவில்லை.