மேப்ல நீலக் கோடு இருந்தா அது ஃபெடரல் தண்ணி ஆயிடுமா? பண்ணை மேப் போடறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

அமெரிக்காவுல ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டர்ல மேப் போடற வேலை பாக்கறவங்ககிட்ட பண்ணைக்காரங்க அடிக்கடி கேக்கறது இதுதான், "ஃபெடரல் தண்ணி சட்டம் என் நிலத்துல எது எதுல பாயும்னு ஒரு மேப் போட்டுக் குடுங்க". 1972 கிளீன் வாட்டர் ஆக்ட்ல "வாட்டர்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்"னு ஒரு வார்த்தை இருக்கு, சுருக்கமா வோட்டஸ்ம்பாங்க, அதுக்குள்ள எந்த ஓடை வரும், எந்த வாய்க்கால் வராதுங்கறதுதான் அம்பது வருஷமா தீராத வழக்கு. நம்ம மேப்ப நம்பி ஒருத்தர் வாய்க்கால் வெட்டுவாரு, இல்ல பயந்து போய் வெட்டாம விட்டுருவாரு, அதனால இதுல அசால்ட்டா இருக்கவே கூடாது.

முதல் தப்பு, என்எச்டிங்கற அமெரிக்க அரசோட ஆறு, ஓடை மேப் டேட்டாவ டவுன்லோட் பண்ணி அதுல இருக்கற நீலக் கோடெல்லாம் அப்படியே சட்டத்துக்கு உட்பட்டதுன்னு கலர் அடிக்கறது. இல்லினாய்ல ஒரு சோளக்காட்டுல மேப்படி நடுவுல ஓடை போகணும், நேர்ல போய் நின்னா வெறும் புல்லு, அகலமா ஆழமே இல்லாம ஒரு பள்ளம், அதுக்குக் குறுக்க டிராக்டர் சக்கரத் தடம், ஷூ கூட நனையல. கீழ்க்கோடியில மட்டும் மண்ணுக்குள்ளேருந்து ஒரு டைல் குழாய் (அடியில பதிச்ச வடிகால் குழாய்) வாய் நீட்டிக்கிட்டு சொட்டு சொட்டா வடியுது. என்னிக்கோ இருந்த ஓடைய குழாய்க்குள்ள அனுப்பிட்டாங்க, கோடு மட்டும் மேப்ல அப்படியே நிக்குது. கோட்டோட எஃப்கோடையாவது, அதாவது ஓடை எந்த வகைன்னு சொல்ற நம்பரையாவது பாருங்க: 46006னா வருஷம் பூரா ஓடறது, 46003னா விட்டு விட்டு ஓடறது, 46007னா மழை பேஞ்சா மட்டும். ஆனா பல இடத்துல இந்த கடைசி ரெண்டையும் பிரிக்காம ஒண்ணாவே போட்டிருக்காங்க, அதனால அந்த நம்பர மட்டும் நம்பி உக்காந்துராதீங்க. 2023 அக்டோபரோட என்எச்டியவே நிறுத்திட்டாங்க, லைடார்லேருந்து (விமானத்துலேருந்து லேசர் அடிச்சு தரைய அளக்கறது) எடுக்கற 3டிஎச்பிங்கற புது டேட்டா வந்துக்கிட்டிருக்கு.

அடுத்தது பஃபர், அதாவது கோட்ட சுத்தி இத்தனை அடின்னு போடற பட்டை. 1:24,000 மேப்ல ஒரு மில்லிமீட்டர்னா தரையில 24 மீட்டர், கோடே 40 அடி தள்ளி இருந்தாலும் அந்த ஸ்கேலுக்கு அது சரின்னுதான் கணக்கு, அந்தக் கோட்ட சுத்தி கரெக்டா 100 அடி பஃபர் போட்டா அது எங்க போய் நிக்கும்? வோட்டஸ்னா எதுன்னு சொன்ன 2015 ஃபெடரல் ரூல்ல தண்ணியிலேருந்து 100 அடி, 1,500 அடி, 4,000 அடின்னு மூணு தூரம் இருந்துச்சு, 4,000 அடிங்கறது கேஸ் கேஸா பரிசீலிக்கலாம்னு சொன்ன எல்லை, அத முழுசா சிவப்படிச்சா கவுன்ட்டியே சிவந்து போயிடும். அந்த ரூலையே 2019ல ரத்து பண்ணிட்டாங்க, 2020ல புது ரூல், 2021ல கோர்ட் அதயும் தள்ளிருச்சு, 2023 ஜனவரியில இன்னொண்ணு, அந்த மே மாசமே சாக்கெட் வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, செப்டம்பர்ல திருத்தம். தீர்ப்புப்படி பாத்தா சட்டத்துக்குள்ள வரணும்னா ஏறக்குறைய நிரந்தரமா தண்ணி இருக்கணும், சதுப்பு நிலம்னா அந்தத் தண்ணியோட மேல்மட்டத்துல தொடர்ச்சியா சேர்ந்திருக்கணும். இதுல இன்னொரு சிக்கல், அந்த திருத்தம் வந்தப்ப மிசிசிப்பி ஆத்துக்கு இந்தப் பக்கம் இல்லினாய்ல புது ரூல், அந்தப் பக்கம் ஐயோவாவுல கோர்ட் தடையால 2015க்கு முந்தைய முறை. அதனால எந்த ரூல், எந்த தேதின்னு மேப்லயே எழுதுங்க, தேதி இல்லாத மேப்ப யார் குடுத்தாலும் வாங்காதீங்க.

வாய்க்கால் விஷயத்துலயும் தப்பு நடக்குது. நேர்க்கோடா இருந்தா வெட்டின வாய்க்கால்தான்னு தள்ளிடறாங்க, ஆனா மிட்வெஸ்ட்ல எத்தனையோ இயற்கை ஓடைய நேராக்கி விட்டிருக்காங்க, அது ஓடைதான். 2023 ரூல்ல விலக்கு இருக்கறது முழுக்க காஞ்ச தரையில வெட்டி, காஞ்ச தரையோட தண்ணிய மட்டும் வடிச்சு, நிரந்தரமா ஓட்டம் இல்லாத வாய்க்காலுக்குத்தான்.

"விவசாயத்துக்குத்தான் விலக்கு இருக்கே"ன்னு மேப்ல அந்த லேயரயே விட்டுடறது பெரிய ஆபத்து. கிளீன் வாட்டர் ஆக்ட்டோட 404(எஃப்) பிரிவுல வழக்கமான உழவு, விதைப்பு, வடிகால் பராமரிப்புக்கெல்லாம் விலக்கு உண்டு, ஆனா நிலத்த புது பயன்பாட்டுக்கு மாத்தி தண்ணியோட ஓட்டத்தயோ பரப்பயோ கெடுத்தா அந்த விலக்கு போயிடும், வாய்க்கால முன்ன இருந்தத விட ஆழமா தோண்டினா அது பராமரிப்பும் இல்ல. கலிஃபோர்னியா டெஹாமா கவுன்ட்டியில டுவார்ட்டே நர்சரி கோதுமை போட உழுததுக்கு கேஸ் வந்து 2017ல 11 லட்சம் டாலருக்கு செட்டில் பண்ணாங்க, அவங்க கையிலயும் கன்சல்டன்ட் போட்ட சதுப்பு நில மேப் இருந்துச்சு. 1985 டிசம்பர் 23க்கு முன்னாடியே சாகுபடிக்கு மாத்தின சதுப்பு நிலத்துக்கு தனி விலக்கு, அதுக்கு பழைய வான்வழி போட்டோ தேடி எடுத்து வெச்சுக்கங்க.

கடைசியா முடிவு சொல்றது ஆர்மி கோர் (அமெரிக்க ராணுவத்தோட இன்ஜினியர் பிரிவு) குடுக்கற எழுத்துபூர்வ தீர்மானம்தான், பொதுவா அஞ்சு வருஷம் செல்லும், திருப்தி இல்லன்னா கோர்ட்டுக்கும் போகலாம்னு 2016ல ஹாக்ஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அதுக்கு விண்ணப்பிக்கறதுக்கு முன்னாடி பண்ணைக்காரர கூட்டிக்கிட்டு ஒவ்வொரு கோட்டையும் நடந்து பாருங்க, எந்த மாசம் ஓடும், எப்ப காயும்னு அவர்கிட்ட கேட்டு கோட்டுக்குப் பக்கத்துலயே எழுதுங்க, அதே இடத்துல நின்னு ஏப்ரல்ல ஒரு போட்டோ, ஆகஸ்ட்ல ஒரு போட்டோ, ரெண்டுலயும் தேதி தெரியணும்.