'கால் இட் எ டே' என்றால் போனை எடுக்காதீர்கள்

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் நான் சேர்ந்த புதிது. வெளிநாட்டு பையரோடு வீடியோ மீட்டிங். சாம்பிள் பற்றிப் பேசிப் பேசியே இரவு ஏழரை ஆகிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "லெட்ஸ் கால் இட் எ டே" என்றார். நான் டைரியைத் திறந்து, "விச் டே, சார்?" என்றேன். இன்னொரு நாள் போனில் பேசலாம் என்கிறார் போல என்று நினைத்துவிட்டேன். மறுநாள் கேன்டீனில் என் பெயரே 'விச் டே'.

படி 1: இங்கே 'கால்' என்பது போன் அல்ல. 'என்று வைத்துக்கொள்' என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'இட்' என்பது அதுவரை செய்த வேலை. செய்தவரைக்கும் ஒரு நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம், கிளம்பலாம். வேலை முழுக்க முடிந்திருக்க வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் 'கால் இட் ஹாஃப் எ டே', அதாவது அரை நாள் என்று வைத்துக்கொள், என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்த பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

படி 2: 'இட்'டைத் தொடாதீர்கள். 'கால் த வொர்க் எ டே' தப்பு. நடந்து முடிந்ததைச் சொல்ல 'கால்டு இட் எ டே'.

படி 3: வேலூர் லாங் பஜாரில் ராத்திரி ஷட்டரை இறக்கும்போதும் 'கடையைக் கட்டலாம்' என்பார்கள், தொழிலையே விட்டவரையும் 'கடையைக் கட்டிவிட்டார்' என்பார்கள். 'கால் இட் எ டே'வுக்கும் அதே இரட்டை அர்த்தம் உண்டு. 2024 டிசம்பரில் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்ற அஸ்வினைப் பற்றி 'ஹி கால்டு இட் எ டே' என்று எழுதலாம். அதனால் மேனேஜருக்கு, 'ஐ ஹேவ் டிசைடட் டு கால் இட் எ டே' என்று மொட்டையாக மெயில் போட்டுவிடாதீர்கள். ராஜினாமா என்று நினைத்துக்கொள்வார். 'ஃபார் டுடே' சேர்த்துவிட்டால் வம்பில்லை.

மரபுத்தொடர் விஷயத்தில் மொழிபெயர்ப்புச் செயலிகளை நான் நம்புவதில்லை. கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றன, காசும் கேட்பதில்லை.

பிறகு சேர்த்தது: டீ இடைவேளைக்கு எழுந்து போகும்போது இதைச் சொல்லலாமா என்று காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், அப்புறம் உங்கள் சிஸ்டத்தை யாராவது அணைத்துவிடுவார்கள். அதற்கு 'லெட்ஸ் டேக் எ பிரேக்' போதும். விருந்து, அரட்டை முடித்துத் தூங்கப் போகிற நேரமானால் 'கால் இட் எ நைட்'.