சிலைக்கு விலை சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

சுவாமிமலைப் பக்கம் உலோகச் சிலை வார்க்கப் புதிதாகப் பட்டறை போட்டிருக்கும் பிள்ளைகள் வேலையில் கெட்டி. தென்னை ஓலையை மடித்துத் தாலம் என்னும் சிலை அளவைப் பிரிப்பதில் ஆரம்பித்து உளி பிடிப்பது வரை குறை சொல்ல முடியாது. விலை சொல்லும் இடத்தில்தான், எங்கள் தலைமுறை விழுந்த பள்ளத்திலேயே போய் விழுகிறார்கள். அட்வான்ஸ் வாங்கு, பேசியதை எழுதி வை என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கிலோ கணக்கில் விலை பேசுவது

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கடைக்காரர் வருவார். சிலையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "கிலோ என்ன போடறீங்க தம்பி?" என்பார். இவனும் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுவான்.

5 கிலோவில் ஒரு பிள்ளையார், 5 கிலோவில் ஒரு நடராஜர் என்று வையுங்கள். பிள்ளையாருக்கு எடையெல்லாம் வயிற்றிலும் பீடத்திலும். நடராஜருக்குத் திருவாசி, அதில் சுற்றிலும் சுடர்கள், விரிந்த சடை, தூக்கிய கால், கீழே முயலகன். மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில்தான் உலோகத்தை வார்க்கிறோம். மெழுகில் பிடிக்கவே நாள் கணக்காகும். வார்த்த பிறகு ஒவ்வொரு சுடருக்கும் அரம் போட வேண்டும். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. செதுக்கு வேலை என்பதே உலோகத்தைக் கழிப்பதுதான். பார்த்துப் பார்த்துச் செதுக்கினால் எடை குறையும், கூலியும் கூடவே குறையும். எங்களிடம் தொழில் படித்த பையன் ஒருவன் வெளியூர்க் கடைக்கு ஒரு சிவகாமி செய்து கொடுத்தான். இடுப்பு வளைவும் ஆடை மடிப்பும் அப்படி அமைந்திருந்தன. தராசில் வைத்தால் பேசிய எடைக்குக் கொஞ்சம் குறைவு. குறைந்ததற்குப் பணத்தைக் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். அடுத்த சிலையில் அவன் பீடத்தைத் தடியாக வைத்துவிட்டான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அளவு மாறும்போதும் இந்தக் கணக்கு இடறும். 1 அடிச் சிலையை 2 அடியில் கேட்டால், உள்ளே கூடு விடாத கனவார்ப்பில் எடை ஏறக்குறைய 8 மடங்கு ஏறும். வேலை அப்படி ஏறாது. ஆக, பெரிய சிலையில் வாங்குகிறவர் கையைக் கடிக்கும், சின்னச் சிலையில் செய்கிறவன் வயிற்றில் அடிக்கும். அரை அடி அம்மனுக்குக் கண் செதுக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எடை வேண்டாம் என்று சொல்லவில்லை. மெழுகை எடை போட்டு, அதைப்போல எட்டு ஒன்பது மடங்கு உலோகம் பிடிக்கும் என்று கணக்குப் போடுகிறோம் அல்லவா, அது உலையில் எவ்வளவு உருக்குவது என்பதற்கு. விலையை இரண்டாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். உலோகம் ஒரு வரி: அன்றைய செம்பு, பித்தளை, ஈய விலைப்படி. மெழுகு, மண் பூச்சு, வார்ப்பு, செதுக்கு, பாலிஷ் எல்லாம் சேர்ந்த கூலி இன்னொரு வரி. முதல் வரியை யாரும் கடையில் விசாரித்துக்கொள்ளலாம். இரண்டாவது வரியில் பேரம் வந்தால், எந்த வேலையைக் குறைக்கச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். திருவாசியில் சுடரைக் குறைக்கவா?

வார்ப்பு தவறினால் என்ன செய்வது என்று யோசிக்காதது

மண் அச்சு ஒரு தடவைக்குத்தான். ஒரு விரலுக்குள் உலோகம் ஓடாமல் நின்றிருந்தால், அச்சை உடைத்த பிறகே தெரியும். உலோகத்தை மறுபடி உருக்கிக்கொள்ளலாம். மெழுகில் செய்த வேலை போனது போனதுதான். தேன்மெழுகு, குங்கிலியம், உலைக்கரி, ஆள் கூலி எல்லாம் முதலிலிருந்து. எல்லாச் சிலையும் முதல் வார்ப்பிலேயே தேறிவிடும் என்று நினைத்து விலை சொன்னால், தவறுகிற அந்த ஒன்று மற்றதன் லாபத்தைத் தின்றுவிடும். அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் வண்டல் மண் லேசில் காயாது. தேதி சொல்லும்போது வானத்தையும் பாருங்கள்.

மெழுகைக் காட்டாமல் மண் பூசுவது

மூக்கை மெழுகில் திருத்துவது சுலபம். வார்த்த பிறகு மூக்கைத் திருத்தச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது? மெழுகிலேயே காட்டி, சரி என்று வாங்கிக்கொண்டு பூசுங்கள். பிறகு கேட்கும் மாற்றத்துக்குத் தனிக் காசு.

"கோயிலுக்குத்தானே" என்றதும் கூலியை விடுவது

உங்கள் பங்கை விடுங்கள், புண்ணியம். உலை ஊதுகிறவர் பங்கை விட நீங்கள் யார்?

போன வருஷ விலைக்கே ஒப்புக்கொள்வது

செம்பு போன வருஷ விலைக்கு வருகிறதா?