ஒன்பது மணிக்குப் பூட்டாத போன்

வேலை காரணமாக நான் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கிறேன். மகனின் போன் இரவு 9 மணி முதல் காலை 6 வரை பூட்டியிருக்கும்படி பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்பில் வைத்திருந்தேன். நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று ஒரு வாரமாக இரவு 11 மணிக்கும் அவன் ஆன்லைனில் தெரிந்தான்.

முதலில் பாஸ்வேர்டு கசிந்துவிட்டது என்று நினைத்து மாற்றினேன். பயனில்லை. மனைவியிடம் சொல்லி ஆப்பை அழித்து மறுபடி போடச் சொன்னேன். அதில் ஒரு மாலை போனது. அப்புறம் ரௌட்டரில் இரவு இணையத்தை நிறுத்தினேன். அவனிடம் மொபைல் டேட்டா இருப்பதை மறந்திருந்தேன்!

இடையில் மனைவி, "காலையில் 9 மணி வரை போன் திறக்கவே மாட்டேங்குது" என்றாள். ஆப்பின் கோளாறு என்று விட்டுவிட்டேன். துப்பு அதில்தான் இருந்தது.

ஓர் இரவு 9.40க்கு வீட்டுப்பாடக் கேள்வி ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். அதன் மேல் மூலையில் மணி 6.40. பயல் தானியங்கி நேரத்தை ஆஃப் செய்து, கடிகாரத்தை மூன்று மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறான். ஆப் போனின் கடிகாரத்தைத்தான் நம்புகிறது. அதனால் பூட்டு நள்ளிரவு 12க்கு விழுந்து, காலை 9க்குத் திறந்திருக்கிறது.

செட்டிங்ஸில் 'தானியங்கி நேரம்', 'தானியங்கி நேர மண்டலம்' இரண்டையும் ஆன் செய்ய வைத்தேன். அது மட்டும் போதாது, அவனே திரும்ப ஆஃப் செய்துவிடலாம். தேதி, நேரம் பக்கத்தையே பெற்றோர் பாஸ்கோடால் பூட்டிய பிறகுதான் சரியானது. அன்றிரவு 9.01க்கு அவனிடமிருந்தே போன் வந்தது, அம்மாவின் எண்ணிலிருந்து.