டர்பன் கோர்ட்டில் போய் உட்காரும்போது செய்யும் தவறுகள்

கோர்ட் மொழிபெயர்ப்பாளர் ஆக ஆசைப்படுகிறவர்களிடம், "முதலில் சில நாள் கோர்ட்டில் போய் உட்காருங்கள்" என்பார்கள். நல்ல யோசனைதான். தென்னாப்பிரிக்காவின் 1977-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சில வழக்குகள் தவிர விசாரணையை யாரும் போய்ப் பார்க்கலாம். நானும் போனேன். முதல் வாரம் வீண். கத்திக்குத்து வழக்கு, சினிமா மாதிரி கதையில் மூழ்கிவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் எந்தப் பக்கம் நின்றார் என்பதுகூட நினைவில் இல்லை.

அடுத்த தவறு, தமிழ் வழக்கு வரட்டும் என்று காத்திருப்பது. டர்பனில் தமிழ்ப் பெயர்களுக்குக் குறைவில்லை. தமிழில் சாட்சி சொல்கிறவர்கள்தான் குறைவு. ஜூலு மொழி வழக்கு தினமும் நடக்கிறது, அதில் உட்காருங்கள். ஒருநாள் சாட்சி "பாபா" என்றார். மொழிபெயர்ப்பாளர் உடனே 'அப்பா' என்று சொல்லிவிடவில்லை. மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி வாங்கி, பெற்ற தகப்பனா, வயதில் பெரியவரா என்று சாட்சியையே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "மச்சான் குத்தினான்" என்றால் மனைவியின் தம்பியா, சிநேகிதனா? "அவங்க அடிச்சாங்க" என்றால் ஆணா, பெண்ணா, ஒருவரா, நாலு பேரா? ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊகித்துச் சொன்னால் ஒருவன் உள்ளே போய்விடுவான்.

சாட்சிக் கூண்டை மட்டுமே பார்ப்பதும் தப்பு. போலீஸ்காரர் ஆங்கிலத்தில் பேசும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் காதருகே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று கவனியுங்கள். தனக்குப் புரியும் மொழியில் விசாரணை, முடியாவிட்டால் மொழிபெயர்ப்பு என்பது அரசியல் சட்டத்தின் 35-ம் பிரிவு அவருக்குத் தந்த உரிமை. பாதி வேலை அங்கேதான் நடக்கிறது.

ஹைகோர்ட்டுக்கு மட்டும் போகாதீர்கள். வெருலம், சாட்ஸ்வர்த் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் காலை நேர ஜாமீன், வாய்தா வேகத்தைப் பார்த்தால்தான் நாக்கு எவ்வளவு ஓட வேண்டும் என்று தெரியும். "அவர் பார்த்ததாகச் சொல்கிறார்" என்று இழுக்க நேரமிருக்காது. "நான் பார்த்தேன்" என்று மொழிபெயர்ப்பாளர்கள் சாட்சியாகவே பேசிவிடுகிறார்கள், அதுதான் முறையும்கூட.

கடைசியாக, வராந்தா. அங்கே ஒரு அம்மா, "தம்பி, வக்கீல் என்ன சொன்னாரு, கொஞ்சம் சொல்லுப்பா" என்று கையைப் பிடித்தார். நாளைக்கு அதே வழக்குக்கு என்னையே கூப்பிட்டால் நான் பொதுவானவன் இல்லை. "அவரையே கேளுங்கம்மா" என்று நகர்ந்துவிட்டேன். என்ன திட்டினாரோ.